டேஞ்சர் ஆன ஸ்டேடியம்

மும்பையில் தங்கள் கட்டடத்தை டேஞ்சர் என்று அறிவித்துவிட்டார்களே என்று அழுகிறவர்களை நான் பார்த்ததில்லை. பேடா வாங்கிக் கொடுக்கிறார்கள். "எங்க பில்டிங் டேஞ்சர் ஆயிட்டு" என்று தேவ்நார் மார்க்கெட்டில் ஒருத்தி சொன்னால், மகளுக்கு வரன் அமைந்த சேதி கேட்ட மாதிரி மற்றவள் அவள் கையைப் பிடித்துக்கொள்வாள். டேஞ்சர் என்றால் இடிப்பார்கள், இடித்தால் பில்டர் வருவான், பில்டர் வந்தால் பழைய வீட்டுக்குப் பதிலாக டவரில் புது வீடு. இந்த ஊரில் உறுதியாக நிற்கிற கட்டடத்தில் மாட்டிக்கொண்டவன்தான் துரதிர்ஷ்டசாலி.

மே மாதப் புழுதிக் காற்று எங்கள் சங்கத்து ஸ்டேடியத்தின் தகரக் கூரையை மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு போனது. ஸ்டேடியம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். செம்மண் கபடிக் களம், அதன் ஒரு பக்கம் சிமெண்டுப் படிகள், படிகளுக்கு அடியில் வரிசையாகக் கடைகள். திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள் சேர்ந்து கட்டியது. கூரை போனதும் கடைக்காரர்கள் தகரத்தைத் தேடி ஓடுவார்கள் என்று பார்த்தேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் கணக்கு எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

நான் பிரேமலதா. கபடி ஆடித்தான் ரயில்வேயில் வேலை வாங்கினேன். சாயங்காலம் இந்தக் களத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக் கொடுக்கிறேன். பெற்றவர்கள் பிள்ளைகளை விடுவதற்குக் காரணம் என் மேல் உள்ள மரியாதை இல்லை. அப்பன்மார் கடையில் உட்கார்ந்தபடியே மகளை ஒரு கண் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். வேறு மைதானம் என்றால் ஒருத்தனும் வாசல் தாண்ட விடமாட்டான். இந்தக் களம் போனால் அந்தப் பிள்ளைகளின் ஆட்டமும் போச்சு. அதிலும் சாதனா ஒருத்தி இருக்கிறாள். அவள் 'கபடி கபடி' என்று பாடிப் போனால் எதிர்ப்பக்கம் நிற்கிறவர்களுக்குக் கால் எது கை எது என்று தெரியாது. அடுத்த மாதம் மும்பை அணிக்குத் தேர்வு.

சேதத்தைப் பார்க்க மாட்டுங்காவிலிருந்து சாய்நாத் என்ற என்ஜினியரை வரவழைத்தார்கள். தட்டினார், குனிந்தார், கருவியை வைத்து வைத்துப் பார்த்தார். பிறகு எல்லோரையும் படியில் உட்கார வைத்து, முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்.

"கவலையே படாதேங்கோ. படி, தூண் எல்லாம் நன்னா இருக்கு. கூரை மட்டும்தான் போயிருக்கு. புதுசா ஷீட் போட்டுட்டா இன்னும் ரொம்ப காலம் நிக்கும்."

சங்கத் தலைவர் வானமாமலை அண்ணாச்சி ஒரு மூலையைக் கைகாட்டினார்.

"நல்லாப் பாத்தியளா சார்? தெக்கு மூலையில ஒரு விரிசல் கெடக்கே?"

"அது மேல்பூச்சுல விட்டது. பூசினாப் போயிடும்."

"பூசினாப் போயிருமாக்கும்" என்றார் அண்ணாச்சி, சுரத்தே இல்லாமல்.

தன் வேலையை இவர்கள் நம்பவில்லை என்று சாய்நாத் நினைத்துவிட்டார். பாவம், படியில் ஏறி நின்று தொம் தொம்மென்று குதித்துக் காட்டினார். அவர் குதிக்கக் குதிக்கக் கடைக்காரர்களின் முகம் தொங்கிக்கொண்டே போயிற்று.

அவர் போனதும் இசக்கிதுரை ஆரம்பித்தார். படிக்கு அடியில் பை தைத்து விற்கிறவர், சாதனாவின் அப்பா.

"இவரு இல்லேன்னா வேற என்ஜினியரு. இடிச்சிக் கட்டுனா நமக்கெல்லாம் சொந்தக் கடை. பிள்ளையளுக்கு மைதானமும் தாரேன்னு பில்டர் சொல்லுதாரு."

"எங்க தாராரு?" என்றேன்.

"ஏழாவது மாடியில. கீழ கார் பார்க்கிங், மேல மைதானம். பக்காவா இருக்கும்."

"செம்மண்ண லிஃப்ட்ல ஏத்துவாராமா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்ததால் என் பக்கம் என்று நம்பிய மடச்சி நான்.

ரிப்பேரா, இடிப்பதா என்று ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் கைதூக்கி முடிவு செய்வதாக அண்ணாச்சி சொன்னார். அதுவரை ஒருநாள்கூட விடாமல் பயிற்சி என்று நான் முடிவு செய்தேன். பிள்ளைகள் ஓடிக் குதித்துக்கொண்டிருக்கிற இடத்தை எவன் டேஞ்சர் என்று சொல்லிவிடுவான்?

வெள்ளிக்கிழமை சாதனா பாடிப் போனாள். மூலையில் நின்றவள் காலைப் பிடிக்கப் பாய, இவள் குனிய, மண்டையும் மண்டையும் மோதியது. சாதனாவின் புருவம் கிழிந்து ரத்தம் கொட்டியது. கபடியில் இது புதிதில்லை, என் நெற்றியிலும் தழும்பு உண்டு. துண்டை வைத்து அழுத்தி, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் தையல் போட வைத்தேன். திரும்பும்போது என் தோளில் சாய்ந்துகொண்டு, "செலக்‌ஷனுக்குள்ள ஆறிடும்லக்கா?" என்று கேட்டபடியே வந்தாள். வீட்டு வாசலில் இசக்கிதுரை என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை படி நிறையக் கூட்டம். நான் பேச எழுவதற்குள் இசக்கிதுரை எழுந்துவிட்டார்.

"ரிப்பேரு கிப்பேருன்னு பேசுதவிய என் மவ தலையப் பாருங்க. வெள்ளிக்கிழம ஆடிக்கிட்டு இருக்கையில காரை பேந்து விழுந்திருக்கு. ஒரு இஞ்சு தள்ளி விழுந்திருந்தா கண்ணு போயிருக்கும்."

"பொய் சொல்லாதீங்க! பிள்ளைய ரெண்டும் மோதிக்கிட்டதை எல்லாரும் பாத்தாங்க. நாந்தான ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்!"

"எதுக்குச் சண்டை? பிள்ளையவே கேட்ருவோம்" என்றார் அண்ணாச்சி.

சாதனா புருவத்தில் கட்டோடு வந்து நின்றாள். அப்பாவைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

"காரைதான் விழுந்துச்சு."

"எங்கேருந்துட்டி விழுந்துச்சு?" நான் கத்தினேன். "மேல கூரையே இல்லையே! இருந்த கூரையும் தகரம். தகரத்துல ஏதுட்டி காரை?"

எல்லோரும் தலையைத் தூக்கி மேலே பார்த்தார்கள். வெறும் வானம். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

பின்வரிசையிலிருந்து ஒருவர் நிதானமாகச் சொன்னார்: "கூரையே இல்லாத எடத்துலயும் காரை விழுதுன்னா எவ்வளவு டேஞ்சர்னு பாத்துக்கிடுங்க."

கைதட்டினார்கள். நான் சொல்வது பொய் என்று அங்கே ஒருவரும் நினைக்கவில்லை. உண்மை அவர்களுக்குத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். இடிப்பதற்குக் கைதூக்கச் சொன்னதும் என் பிள்ளைகளின் அப்பன்மார் அத்தனை பேர் கையும் மேலே போயிற்று.

"நீயும் தூக்கிரு தாயி, ஒருமனதாகன்னு எழுதிரலாம்" என்றார் அண்ணாச்சி. நான் தூக்கவில்லை. அவர் ஒருமனதாக என்றே எழுதிக்கொண்டார்.

கூட்டம் கலைந்ததும் களத்துக் கேட்டுக்குப் பெரிய பூட்டாகப் போட்டார்கள். ஆபத்தான இடத்தில் ஆள் நடமாட்டம் கூடாதாம். நான் சாலைக்கு வந்துவிட்டேன். சாதனா பின்னாலேயே ஓடி வந்தாள்.

"கோவமாக்கா? அப்பாதான் சொல்லச் சொன்னாரு. சொல்லலேன்னா வீட்ல சண்டை, பெரிய லஃப்டா ஆயிருக்கும். இடிக்கதுக்கு எப்படியும் ஒரு வருஷம் ஆவுமாம், அதுவரைக்கும் நாம ஆடலாம்னு சொன்னாரு. டென்ஷன் எடுக்காதீங்கக்கா." கட்டைத் தடவிக்கொண்டே கேட்டாள். "நாளைக்கு ப்ராக்டிஸ் எத்தனை மணிக்கு?"

ஓங்கி ஒன்று விடலாம் போல் இருந்தது. அறைய வேண்டிய கன்னங்கள் கூட்டத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தன என்பதும், இவளுடையது கடைசி என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் என் முன்னால் நின்றது இவள்தான்.

"ப்ராக்டிஸா? தலையில காரை விழும். வீட்டுக்குப் போயிருட்டி."

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு திரும்பி கேட்டைப் பார்த்தாள். ஓடினாள். பூட்டைப் பிடித்து இழுத்தாள், மறுபடியும் இழுத்தாள்.

"அக்கா, இத எப்பக்கா தொறப்பாங்க?"

"ஒங்கப்பன்ட்ட கேளு" என்றேன்.