இழுவைக்கு வராத புரோசசர்

துஷாந்த் லிந்துலையில் ஹட்டன் பஸ் ஏறி உட்கார்ந்தபோது மடியில் ஒரு கம்பளி மூட்டை இருந்தது. பக்கத்தில் இருந்த ஆள் அதைப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்குக் காய்ச்சலா தம்பி?" என்று கேட்டார்.

"ஆமாங்க. கொதிக்குது."

கம்பளிக்குள் இருந்தது கம்பியூட்டர் பெட்டி. கொதித்தது என்னவோ உண்மைதான்.

இது இரண்டாயிரத்து மூன்றாம் வருஷத்துக் கதை, கண்ணுகளா. இன்றைக்கு உங்கள் கையில் இருக்கும் போன் கண்மூடித் திறப்பதற்குள் செய்கிற வேலையை, அப்போது ஒரு பெரிய பெட்டி உறுமிக்கொண்டே நாள் கணக்காகச் செய்யும். துஷாந்த் கல்யாண வீடுகளில் வீடியோ பிடிப்பவன். பிடித்ததைக் கம்பியூட்டரில் ஏற்றி, வெட்டி ஒட்டி, பூத் தூவி, மணமக்களுக்குப் பின்னால் சுவிஸ் நாட்டுப் பனிமலையை வைத்துக் கொடுப்பான். தோட்டத்து லயத்து வீட்டு வாசலைத் திறந்தாலே மலைதான். ஆனாலும் கல்யாண வீட்டார் சுவிஸ் மலையைத்தான் கேட்பார்கள். எல்லாம் சேர்த்து முடித்த பிறகு அதைச் சீடிக்கு ஏற்றபடி ஆக்குவது கம்பியூட்டரின் வேலை. அதுதான் நாள் பிடிக்கும்.

வட்டவளை மாப்பிள்ளை சின்னராசா ஞாயிற்றுக்கிழமை கட்டாருக்குப் புறப்படுகிறான். புது மனைவியை விட்டுவிட்டுப் போகிறவன், கல்யாண சீடியோடுதான் போவேன் என்று சொல்லியிருந்தான். அன்று வியாழன். பெட்டிக்குள் இன்னும் தாலிகூடக் கட்டி முடியவில்லை.

காரணம் இதுதான். கம்பியூட்டரின் மூளையைப் புரோசசர் என்பார்கள். இத்தனை வேகம் ஓடும் என்று செய்தவர்களே அதில் எழுதி அனுப்புவார்கள். அதற்கு மேலும் சிலர் ஓட்டுவார்கள்; அதை 'இழுப்பது' என்று சொல்வான் துஷாந்த். சில சாமான் இழுத்த இழுப்புக்கு வரும், சிலது வராது. அவன் வாங்கியது வரவில்லை. கொஞ்சம் கூட்டினால் நடுவில் நின்றுவிடும். நின்றால் செய்த வேலை போய்விடும், மறுபடி முதலிலிருந்து. சூடு குறைந்தால் வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பெட்டியை ஜன்னலோரம் வைத்து, மூடியைக் கழற்றி, லிந்துலைப் பனிமூட்டத்தை உள்ளே விட்டான். புரோசசருக்குக் குளிர்ந்ததோ என்னவோ, அவனுடைய அம்மாவுக்கு இருமல் வந்தது.

ஹட்டனில் மாடிப்படி ஏறிப் போனால் ரோகினியின் கம்பியூட்டர் கடை. கம்பளியை விரித்ததும் அவள் பெட்டிக்குள் விரலை வைத்துப் பார்த்தாள். விரல் ஈரமாக வந்தது.

"என்னடா இது, கம்பியூட்டரா, மீன் தொட்டியா?"

"புரோசசர மாத்திக் குடுங்கக்கா. இது சரியில்ல."

"வேலை செய்யலியா?"

"செய்யுது. இழுத்தா வரல."

"எழுதியிருக்கிற வேகம் ஓடுதா?"

"அது ஓடுது."

"அப்புறம் என்னடா? தோட்டத்துல ஒரு நாள் பேருக்கு வேண்டிய கொழுந்த எடுத்துட்டா பேர் விழுந்திருச்சு, அன்னைக்குச் சம்பளம் உண்டு. அதுக்கு மேல எடுக்கிறது அவங்கவங்க கைத்தெம்பு. மேல எடுக்கலன்னு யாரையாச்சும் வேலையிலருந்து நிறுத்துவாங்களா?"

"நிறுத்த மாட்டாங்க. ஆனா இது நல்லா இழுக்குற சாதின்னு சொல்லித்தானேக்கா வித்தீங்க?"

ரோகினி அப்படித்தான் சொல்லியிருந்தாள். கொழும்பிலிருந்து சாமான் அனுப்பியவர் சொன்னதை அப்படியே சொல்லியிருந்தாள். அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் அவனை அடுத்த பஸ்ஸிலேயே திருப்பி அனுப்பியிருப்பாள்.

"இதே வகையில ஒண்ணுதான் கையில இருக்கு. அது டைப் அடிக்கிற கடை போடப் போற லெட்சுமி கம்பியூட்டருக்கு வச்சிருக்கேன். இன்னைக்குத்தான் பூட்டிக் குடுக்கணும்."

"லெட்சுமி லெட்டர் தானேக்கா அடிக்கப் போறா? அவளுக்கு என்னோடத போடுங்க. தெரியவா போகுது?"

"தெரியாதுங்கிறதுக்காகச் செய்யலாமா? நீ இழுத்துச் சூடாக்கி, மூட்டத்துல நனைச்ச சாமான நான் புதுசுன்னு குடுக்கவா? இந்தா, அவங்களே வர்றாங்க. நீயே கேளு. சரின்னா மாத்திக்க."

படியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டி ஓய்ந்த பழனியாண்டியும், ஹட்டனில் தட்டச்சுக் கடை போடப் போகும் அவருடைய மகள் லெட்சுமியும் வந்தார்கள்.

துஷாந்த் சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தான். ரோகினி முறைத்த பிறகு நேராகச் சொன்னான். பழனியாண்டி முழுவதும் கேட்டார்.

"இது ஓடுமா, ஓடாதா?"

"எழுதியிருக்கிற அளவுக்கு ஓடும் மாமா. மேல போகாது."

"என் லொறியில எண்பது மைல்னு எழுதியிருந்திச்சு. ரதல்ல மலை ஏத்தத்துல பதினஞ்சத் தாண்டாது. நான் யார்கிட்டப் போய்த் திருப்பிக் குடுத்தேன்?"

"அண்ணே, லொறி எழுதுனதுக்குக் கீழ. இது எழுதுனதுக்கு மேல போகலங்கிறான்" என்றாள் ரோகினி.

"அப்ப லொறிய விட இது நல்ல சாமான். எடுத்துக்குவோம்."

லெட்சுமி மட்டும், "பழுதானா நீங்க மாத்தித் தருவீங்களாக்கா?" என்று கேட்டாள். ரோகினி தருவதாகச் சொன்னாள். ஈரத்தைத் துடைத்து, காய வைத்து, அவர்கள் கண் முன்னாலேயே இரண்டையும் மாற்றிப் பூட்டினாள்.

துஷாந்த் புதியதைக் கொஞ்சம் இழுத்தான். நின்றது. குறைத்து இழுத்தான். நின்றது. பழையது தாங்கிய அளவைக்கூட இது தாங்கவில்லை. எழுதிய வேகத்தில் விட்டால் மட்டும் பாட்டுப் பாடாத குறையாக ஓடியது.

துஷாந்த் லெட்சுமியின் பெட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"மாமா," என்றான் துஷாந்த், "பழையதையே நான் எடுத்துக்கிறேனே."

"எதுக்கு?"

"இத விட அது கொஞ்சம் தேவலைங்க."

"காலையில ஒதவாத சாமான். இப்பத் தேவலையா?" பழனியாண்டி மகளைப் பார்த்தார். "என்னம்மா?"

"நான் குடுக்க மாட்டேன்" என்றாள் லெட்சுமி. "லெட்டர் அடிக்கத்தான், எனக்கு வித்தியாசம் தெரியாதுன்னே வச்சுக்குங்க. ஆனா நல்லதக் குடுத்துட்டுக் கெட்டத வாங்கிக்கணும்னு ஏன் எப்பவும் எனக்கே வருது?"

துஷாந்த் ரோகினியைப் பார்த்தான். அவள் திருகாணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் ஸ்டூலில் உட்கார்ந்து, சின்னராசாவைப் பற்றியும் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியும் சொன்னான். குரல் இறங்கிவிட்டது.

"இழுக்காம ஓடவிட்டா எப்ப முடியும்?" என்று லெட்சுமி கேட்டாள்.

"திங்கள் ஆயிரும்."

"முதல்லருந்தே இழுக்காம விட்டிருந்தா?"

"இந்நேரம் முடிஞ்சிருக்கும்" என்று முனகினான். பழனியாண்டி சிரித்தார்.

"பாதிய என் கம்பியூட்டர்ல விடுங்க" என்றாள் லெட்சுமி. "பாதி உங்களோடதுல. ஒண்ணு சொல்லிட்டேன், என்னோடத இழுக்கக் கூடாது."

"இழுக்க மாட்டேன்."

"உங்களோடதையும்."

"புதுக் கம்பியூட்டர்ல முதல்ல ஓடுறது கல்யாணம்" என்றார் பழனியாண்டி. "நல்லதுதானே? குடும்மா."

தாலி கட்டும் வரைக்கும் துஷாந்தின் பெட்டிக்கு. அதற்குப் பிறகு, பந்தியும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதும், லெட்சுமியின் பெட்டிக்கு. லிந்துலையில் ஒன்றும் ஹட்டனில் ஒன்றுமாக இரண்டும் எழுதிய வேகத்தில் ஓடின. துஷாந்த் ஜன்னலைச் சாத்தி வைத்தான். அம்மாவின் இருமல் குறைந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அவன் தன் பாதியோடு ஹட்டனில் பழனியாண்டி வீட்டுக்கு வந்தான். மறுபாதி முன்தினமே முடிந்திருந்தது. தொலைக்காட்சியில் போட்டுப் பார்த்தார்கள். பனிமலைக்கு முன்னால் சின்னராசா வியர்த்துக்கொண்டு நின்றான். ஒரு பாதி எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்று லெட்சுமியாலும் சொல்ல முடியவில்லை.

பழனியாண்டி தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே, பழைய புரோசசர் இருந்த மகளுடைய பெட்டியைக் காட்டிக் கேட்டார்.

"இதத்தானே வேணாம்ன?"

"ஆமாங்க மாமா."

"பிறகு வேணும்ன."

"கேட்டேங்க."

"இப்ப என்ன சொல்ற?"

துஷாந்த் லெட்சுமியின் பெட்டியில் கையை வைத்துப் பார்த்தான். இளஞ்சூடாக இருந்தது, அவ்வளவுதான்.

"லெட்சுமிகிட்டயே இருக்கட்டும்" என்றான். சீடிகளைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு வட்டவளை பஸ்ஸைப் பிடிக்க இறங்கிப் போனான்.