இரண்டு குவளை ஆசிட்

மாமனார் வாயிலிருந்து உதிரும் ஒரு 'பரவாயில்லை'யின் விலை கிட்டத்தட்ட நாலு வருடம். பேரம் பேசினாலும் குறையாது. பெரிய மாப்பிள்ளை பேசிப் பார்த்துவிட்டார். பதினோரு வருட உழைப்பில் அவருக்கு விழுந்தவை மூன்று. பட்டறைக்கு வந்து இரண்டே வருடமான சின்ன மாப்பிள்ளைக்கும் மூன்று. சகலை என்பவன் பாதி உறவு, பாதி எதிர்க்கடை.

பட்டறையில் நடப்பது நிக்கல் முலாம். மின்சாரமே வேண்டாம், தொண்ணூறு டிகிரியில் முணுமுணுக்கிற பச்சைக் கரைசலுக்குள் எஃகுச் சாமானைத் தொங்கவிட்டால் நிக்கல் தானாக வந்து ஒட்டும். எவ்வளவு வேகமாக ஒட்டும் என்பது கரைசலின் புளிப்பைப் பொறுத்தது. பி.ஹெச். எண் ஏறினால் புளிப்பு குறையும், வேலை ஓடும். எண் இறங்கினால் புளிப்பு கூடும், வேலை நொண்டும். ஏற்றுவதற்கு அம்மோனியா, இறக்குவதற்கு ஆசிட். முதல் தொட்டி பெரிய மாப்பிள்ளையான பெரியவருக்கு, இரண்டாவது சகலை சின்னவனுக்கு.

இப்போது மூன்றாவதாக ஒரு பெரிய தொட்டி வந்து இறங்கியிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் பெரியவருக்கு நெஞ்சு விரியும். சின்னவனும் அதைப் பார்ப்பதைப் பார்த்தால் வயிறு எரியும்.

கடல்தண்ணீர் இறைக்கும் பம்புகளைத் தயாரிக்கிற கம்பெனிக்காரர்கள், முலாம் பூசிக் காட்டச் சொல்லி, ஆளுக்கொரு எஃகுத் தண்டு கொடுத்திருந்தார்கள். மாமனார் கறாராகச் சொல்லிவிட்டார்: "இருபத்தஞ்சு மைக்ரான் கனம் ஏத்துங்க. நாலு நாள் உப்புத் தண்ணியப் புகையா அடிக்கிற பெட்டியில வெப்போம். எவரு தண்டு துருப்பிடிக்காம நிக்குதோ, அவருக்குத்தான் புதுத் தொட்டி."

அன்று மத்தியானம் சின்னவன் தண்டைத் தொங்கவிட்டுக் கை கழுவப் போன நேரம். பெரியவர் இரண்டு குவளை நீர்த்த ஆசிட்டை இரண்டாம் தொட்டியில் விட்டுக் கலக்கினார். கேனில் மிச்சமிருந்த அம்மோனியாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் தொட்டியில் சேர்த்து ஐந்து புள்ளி ஆறுக்கு ஏற்றினார். கணக்கு சுத்தமாக இருந்தது: அவன் கரைசல் நொண்டும், அவன் வழக்கமான நேரத்துக்கு எடுப்பான், முலாம் பாதிதான் ஏறியிருக்கும், பெட்டிக்குள் போனதும் பல்லிளிக்கும்.

திரும்பி வந்த சின்னவன் பி.ஹெச். காகிதத்தைக் கரைசலில் நனைத்துப் பார்த்துவிட்டு முழித்தான்.

"அண்ணே, அஞ்சுல வெச்சிருந்தேன், நாலு புள்ளி நாலு காட்டுது. அம்மோனியா இருக்கா?"

"தீந்துடுச்சு தம்பி. நாளைக்குத்தான் வரும்."

"சரி, விடுங்க. மெதுவா ஏறட்டும்."

ஒரு மணி நேரம் சொச்சத்தில் பெரியவர் கடிகாரத்தைப் பார்த்துத் தன் தண்டை வெளியே எடுத்தார். கண்ணாடிபோல மின்னியது. அவர் எப்போதுமே கடிகாரத்தை நம்புகிற ஆள். உலகமே அப்படித்தான் என்று நினைத்ததுதான் வினை. சின்னவன் தண்டோடு ஒரு சின்னத் தகட்டையும் தொங்கவிட்டிருந்தான். அரைமணிக்கொரு தரம் அதை எடுத்து முலாம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளந்தான், திரும்பப் போட்டான். இரண்டரை மணி நேரம் ஆனது.

"என்ன தம்பி, தண்டுக்குத் தாலாட்டுப் பாடுறியா?"

"இருபத்தஞ்சு வரட்டும்ணே. அதுக்கென்ன அவசரம், பஸ்ஸையா பிடிக்கப் போகுது?"

இரண்டாம் நாளே பெரியவரின் தண்டில் செம்புள்ளிகள் கிளம்பின. நாலாம் நாள் அதற்கு அம்மை போட்டதுபோல் இருந்தது. சின்னவனின் தண்டு பெட்டிக்குள் போன முகத்தோடே வெளியே வந்தது.

மாமனார் அதை வேட்டி நுனியால் துடைத்தார். நகத்தால் கீறினார். வெளிச்சத்தில் திருப்பினார்.

"பரவாயில்லை" என்றார்.

பெரியவருக்கு அந்தச் சொல் காதில் விழவில்லை, காலில் விழுந்தது, அம்மிக்கல் கனத்தோடு.

"உங்களுது வேகமா ஏறியிருக்கு மாப்பிள்ளே" என்றார் மாமனார். "வேகமா ஏறினா முலாம்ல நிக்கலோட சேர்ந்து படியிற பாஸ்பரஸ் குறைஞ்சுடும், உப்பு உள்ள பூந்துடும். புளிப்புல மெதுவா ஏறினதுதான் கடலுக்குத் தாங்கும்."

"மாமா, இது என் சாமர்த்தியம் இல்ல" என்றான் சின்னவன். "நாலு புள்ளி நாலுக்கு எப்படி இறங்குச்சுன்னே தெரியல."

"எப்படி இறங்கினா என்ன? இறக்கினவன் கைக்குத் தங்கக் காப்புதான் போடணும். கடல் சாமானுக்கு இனிமே அதுதான் அளவு."

'அந்தக் கை இதுதான்' என்ற வார்த்தை பெரியவரின் தொண்டையிலிருந்து கிளம்பி, பல்வரை வந்து, யோசித்து, திரும்பிப் போனது. குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையார் பிடித்தவன், 'நான் பிடிக்க நினைத்தது குரங்கைத்தான்' என்று எந்த முகத்தோடு சொல்வான்?

மறுநாள் காலை, சின்னவனுக்கென்று ஆகிவிட்ட புதுத் தொட்டியில் கரைசல் சூடேறியது. சின்னவன் குவளையை நீட்டினான்.

"நீங்க ஊத்துங்கண்ணே. மூத்தவங்க கை. ராசியான கை."

பெரியவர் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். கள்ளம் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மருந்துக்கும் இல்லை. குவளையை வாங்கி ஊற்றினார். எண் மெல்ல இறங்கி நாலு புள்ளி நாலில் நின்றது. தூரத்திலிருந்து மாமனார் பார்த்தார், தலையாட்டினார், வாயைத் திறக்காமல் போய்விட்டார்.

பெரியவர் மனசுக்குள் 'பரவாயில்லை'களைக் கூட்டிப் பார்த்தார். சின்னவன், நான்கு. தான், மூன்று. அந்த நாலாவதில் தன் பங்கு, குவளை இரண்டு. இன்றைக்கு ஊற்றியதையும் சேர்த்தால் மூன்று. வரவு எதுவுமில்லை, வாய்விட்டுக் கேட்கவும் முடியாத நிலுவை.