நாற்பத்திரண்டு புள்ளி நாலு

கேட்டைத் தாண்டி அவன் உள்ளே கால் வைப்பதற்குள் அவள் ஓடி வந்து கையைப் பிடித்தாள். அலுவலகத்தில் அவள் அவனைத் தொடுவதே கிடையாது. கல்யாணமாகி, மகளும் கல்லூரிக்குப் போகும் காலத்தில், வாட்ச்மேன் பார்க்க, புருஷனைக் கைப்பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"சீக்கிரம் வாங்க. இன்னும் உதறல. உங்க கண்ணால வந்து பாருங்க."

வானிலை நிலையத்தின் பின்பக்கப் புல் கருகிக் கிடந்தது. நடுவில் நான்கு கால்களில் நிற்கும் வெள்ளைக் கூண்டின் கதவை அவள் திறந்தே வைத்திருந்தாள். உள்ளே படுக்கைவாட்டில் உச்ச வெப்பமானி. பகலில் வெயில் எதுவரை ஏறியதோ அந்த இடத்திலேயே பாதரசம் நின்றுவிடும். யாராவது எடுத்து உதறினால்தான் இறங்கும். அவன் குனிந்து, கண்ணை நேர்மட்டத்தில் வைத்துப் பார்த்தான். நாற்பத்திரண்டு புள்ளி நாலு. கண்ணை மூடித் திறந்து மறுபடி பார்த்தான். அதேதான். இந்த நகரத்தின் மே மாதத்தில் இதுவரை யாரும் எழுதாத எண். பழைய உச்சம் அவர்கள் இருவரும் பிறப்பதற்கு முன்னால் பதிவானது, அதுவும் இதைவிட அரை டிகிரி குறைவு.

"சரியாத்தானே இருக்கு?"

"ம்."

"என்னங்க, ஊரே எரியுது, நீங்க 'ம்'ங்கறீங்க!" என்று சிரித்தாள். நெற்றி வியர்வை புருவத்தில் இறங்கியிருந்தது. அபூர்வமான அளவு வந்தால், உதறும் முன் இன்னொருவரும் பார்த்து, பதிவேட்டில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். தானியங்கிக் கருவி வெயில் தாங்காமல் முந்தின வாரமே படுத்துவிட்டது. "முகம் கழுவிட்டு வந்து போடறேன், நீ பஸ்ஸைப் பிடி" என்றான். அவள் உதறினாள், எழுதினாள், போய்விட்டாள். அவன் முகம் கழுவினான். பேனா சட்டைப் பையில்தான் இருந்தது. நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றியது. மறுநாளும் அப்படியே தோன்றியது.

உண்மையில் அது அவனுடைய நாள். அந்தப் புதன்கிழமைக்குப் பகல் வேலை அவனுக்குத்தான் போட்டிருந்தார்கள். வியாழக்கிழமைதான் வெயில் உச்சத்தைத் தொடும் என்று தலைமை அலுவலகத்தின் கணிப்பு வந்ததும், பல்வலி என்று சொல்லி புதனை அவள் தலையில் கட்டி வியாழனை வாங்கிக்கொண்டான். அவள் உப்புத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தாள். இல்லாத பல்வலிக்கு அவன் கொப்பளித்துத் துப்பினான். வியாழக்கிழமை காலையிலேயே மேகம் கூடாரம் போட்டுவிட்டது. முப்பத்தெட்டைக்கூடத் தொடவில்லை.

ஒருவர் வரும்போது மற்றவர் கிளம்புவதால் நிலையத்தில் அவர்களுக்குச் சூரியன், சந்திரன் என்று பெயர். இதில் யார் சூரியன் என்று யாரும் வரையறுத்ததில்லை. ஆனால் அவன் வரையறுத்து வைத்திருந்தான். அவள் பயிற்சிக்கு வந்தபோது வெப்பமானியை எப்படிப் பிடிப்பது, எங்கே மூச்சு விடக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தது அவன். இப்போது பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகள் சுற்றிப் பார்க்க வந்தால், "மேடம் இருக்காங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். மே மாதக் கடைசியானால் பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். இந்தத் தேதியில் இதுவரை அதிக வெயில் எந்த வருஷம், அதிக மழை எந்த வருஷம் என்று கேட்பார்கள். பழைய பதிவேடுகளை எடுத்துப் போடுவது அவன் வேலை. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி, வெயில் எவ்வளவு, மழையின் முதல் துளி எத்தனை மணிக்கு என்று; வரியின் கடைசியில் பார்த்தவரின் கையெழுத்து. அவனுடைய கையெழுத்தும் ஆயிரக்கணக்கில் இருந்தது, எல்லாமே யாரும் தேடி வராத நாட்களின் ஓரத்தில். எத்தனையோ காலம் கழித்து எவனோ ஒருவன் தூசி தட்டிப் பார்க்கும் பக்கத்தில் தன் பெயர் ஒரே ஒரு தடவை இருந்துவிட வேண்டும் என்பது, வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் அவன் யாரிடமும் சொல்லாத ஆசை.

வெள்ளிக்கிழமை பேப்பரில் அவள் படம் வந்தது. வெள்ளைக் கூண்டுக்குப் பக்கத்தில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கொஞ்சம் வெட்கத்தோடு. மகள் அதைத் தன் ஃபோனின் முகப்பில் வைத்துக்கொண்டாள். இஸ்திரி போடுபவர், "சார், அம்மா ஏத்தின வெயில்ல என் பெட்டி கரியில்லாமலே காயுது" என்றார். எல்லோரோடும் சேர்ந்து அவனும் சிரித்தான். "ஆமா, நீங்களும் அங்கதான வேலை பாக்கறீங்க?" என்று அவர் கேட்டபோது, சட்டைகளை வாங்கிக்கொண்டு மீதிக்குக் காத்திராமல் நடந்தான்.

திங்கட்கிழமை அதிகாரி அவனைக் கூப்பிட்டார். ஓய்வுபெற இன்னும் சில மாதங்களே இருந்ததால் எதிலும் சிக்காமல் போய்ச் சேர வேண்டுமென்று பார்ப்பவர்.

"தலைமை அலுவலகத்துல கேக்கறாங்கப்பா. சாட்சிக் கட்டம் காலியா இருக்காம். நீதான சாயங்காலம் வந்த, பாத்தல்ல?"

பார்த்தேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அந்தப் பேப்பர் துண்டை அவர் வெட்டி வைத்திருந்தார்.

"நான் வரும்போது உதறிட்டா சார்."

சொன்ன பிறகு ஒன்றும் நடக்கவில்லை. மின்விசிறி சுற்றியது. "சரி, அப்படியே சொல்லிடறேன்" என்றார் அதிகாரி. இரண்டு நாளில் பதில் வந்துவிட்டது. பதிவேட்டில் அந்தத் தேதிக்கு எதிரே ஒரு நட்சத்திரக் குறி, பக்கத்தின் அடியில் 'ஐயத்திற்குரியது' என்று ஒரு வார்த்தை.

அன்று அவள் வீட்டுக்கு வந்து கைப்பையைக் கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றாள். அவன் தட்டு கழுவிக்கொண்டிருந்தான்.

"நீங்க பாத்தீங்க."

அவன் குழாயை மூடவில்லை.

"கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன்."

"எனக்கு அன்னிக்குச் சரியா ஞாபகம்..."

"வேண்டாம். அதை மட்டும் சொல்லாதீங்க." கைப்பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். பிறகு கோபமே இல்லாத குரலில் சொன்னாள்: "அந்த நாள் உங்களுக்கு வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே லீவு போட்டுட்டு வீட்ல படுத்திருப்பேனே."

அடித்திருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். அவள் விட்டுக்கொடுத்திருப்பாள், அதில் சந்தேகமே இல்லை. அதற்கும் அவளிடம்தான் மனசு இருந்தது. அன்று இரவு சாப்பாடு அவனுக்கு இறங்கவில்லை. அதை அவள் கவனித்தாள் என்பதும் அவனுக்குப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் பேசியதெல்லாம் வானிலை அறிக்கை மாதிரி இருந்தது. பால் வாங்கியாச்சு. கரண்ட் பில் கட்டணும். சாவி மாடத்துல இருக்கு. மகள் ஃபோன் முகப்பை மாற்றிவிட்டாள். அப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை. நிலையத்திலோ எல்லோரும் அந்த நட்சத்திரத்தைப் பற்றியே பேசினார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் பதிவேட்டைத் திறந்தால் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டினார்கள். அந்தக் குறி விழுந்த பிறகும் அது அவளுடைய நாளாகவேதான் இருந்தது. அந்த நட்சத்திரத்தின்மேல்கூட அவனுக்கு வயிறு எரிந்தது.

ஜூன் தொடங்கிய பிறகு ஒரு சாயங்காலம் வேலை மாற்றிக்கொள்ள வந்தவன், பின்பக்க ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தான். கூண்டைத் திறந்து பார்த்தாள், மூடினாள், நான்கடி நடந்தாள், திரும்பிப் போய் மறுபடி திறந்தாள். சாதாரண நாள், சாதாரண வெயில். மூன்றாம் தடவை, கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு பார்த்தாள். ஒருமுறை பார்த்த எண்ணைத் திரும்பிப் பார்க்காதவள் என்று பெயரெடுத்தவள். உள்ளே வந்ததும் ஃபோன் அடித்தது. ஏதோ பத்திரிகையிலிருந்து. "ஆமாங்க, சந்தேகம்னுதான் போட்டிருக்காங்க" என்றாள். எதிர்முனையில் என்னவோ கேட்டார்கள். அவள் அவனைப் பார்க்காமல், "இல்லீங்க. என்னைத் தவிர வேற யாரும் பாக்கல" என்றாள்.

அவன் நேராக அதிகாரி அறைக்குப் போனான்.

"சார், அன்னிக்கு நான் பாத்தேன். நாப்பத்திரண்டு புள்ளி நாலு."

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "வீட்ல சண்டையா?"

"இல்ல சார். பாத்தேன்."

"அன்னிக்கு இல்லேன்ன. இன்னிக்கு ஆமாங்கற. பொண்டாட்டிக்காகப் புருஷன் சொல்றான்னு சிரிப்பாங்கப்பா. உன் வேலைக்கும் வினை."

"எழுதிக் குடுக்கறேன் சார்."

"ஏன் அன்னிக்குப் பொய் சொன்னேன்னு கேட்டா என்ன எழுதுவ?"

அவன் ஒரு தாளை வாங்கி எழுத ஆரம்பித்தான். அந்த இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. பல்வலி, மேகம், பேப்பர் படம், இதில் எதை எழுதுவது? கடைசியில் 'பொறாமையால்' என்று ஒரே வார்த்தை எழுதினான். எழுதிவிட்டுப் பார்த்தால் அது வேறு யாருடைய கையெழுத்து மாதிரியோ இருந்தது. அதிகாரி அதைப் படித்தார், ஏறிட்டுப் பார்க்காமல் உறையில் போட்டார். "அனுப்பறேன். ஆனா நட்சத்திரம் போயிடும்னு நம்பிட்டு உக்காந்திராத."

வெளியே வந்தபோது அவள் கிளம்பிவிட்டிருந்தாள். மேற்கே வானம் கறுத்து, காற்றில் மண் வாசனை தூரத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. வராந்தாவில் ஓடி, படியிறங்கி, "கொஞ்சம் நில்லு" என்றான். காற்றில் குரல் போனதா தெரியவில்லை. அவள் கேட்டருகே போய்விட்டாள். வாட்ச்மேன் நாற்காலியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். முதல் துளி எங்கோ விழுந்திருக்க வேண்டும். அவள் சட்டென்று நின்றாள். உள்ளங்கையை விரித்தாள். அதைப் பார்த்தாள், பிறகு மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நாலு அம்பத்திரண்டு!" என்று அவன் பக்கம் உரக்கச் சொன்னாள்.

அவன்மேல் இன்னும் ஒரு துளிகூட விழவில்லை. அவள் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். அவன் காய்ந்த மண்ணில் நின்றபடி அந்த நேரத்தை வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். தெருக்கோடியிலிருந்து மழை, தார் ரோட்டை ஓசையோடு கறுப்பாக்கிக்கொண்டு, அவளைத் தாண்டி அவனை நோக்கி வந்துகொண்டிருந்தது.