ஆகாரத்தில் ஒத்திகை

நோட்டீசில் 'இசை: வளவன்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அடியில், பந்தல்காரர் பெயருக்கும் கீழே, 'படியெடுத்தவர்: மங்கை'. மூன்று வருடத்துக்கு முன் சென்னையில் மேடையேறிய ஓபராவிலும் இதே வரிதான். அதில் ஒரு சுரம்கூட வளவன் எழுதியதில்லை, எல்லாம் மங்கை எழுதியது. அவள் கேட்டதற்கு, "உம்பேரப் போட்டா எவன் வருவான்?" என்று சிரித்தார்.

இந்த முறை மங்கை கேட்கவில்லை. செஞ்சி முற்றுகையைப் பேச்சே இல்லாமல் பாடியே நடத்தும் இந்த நாடகத்தையும் எழுதிக் கொடுத்தாள். கடைசிச் சேர்ந்திசையை மட்டும் தனக்காக எழுதினாள். மூன்று வருடம் வயிற்றில் எரிந்ததை ஊர் முன்னால், அவர் கையசைவிலேயே, நூற்றிருபது தொண்டைகள் சொல்ல வேண்டும்.

சேர்ந்திசை வேலை செய்யும் விதம் அழகானது. எத்தனை பேர் பாடினாலும் குரல் நான்குதான்: பெண்களில் மேல்குரல், கீழ்க்குரல், ஆண்களிலும் அப்படியே. அவரவர் கையில் அவரவர் வரி மட்டுமே. நான்கும் ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்கும் முழுத்தாள், கையசைத்துப் பாட்டை நடத்துபவரிடம், அதாவது வளவனிடம், இருக்கும். அவர் அதைப் படிப்பவர் அல்லர். கம்ப்யூட்டர் பாடிக் காட்டுவதைக் காரில் கேட்டே மனப்பாடம் செய்வார். கம்ப்யூட்டருக்குச் சொல் தெரியாது. எல்லாவற்றையும் 'ஆ' என்றே பாடும்.

மேல்சித்தாமூர், தொண்டூர், செஞ்சி என்று ஊர் ஊராகப் போய், குரல் குரலாகப் பிரித்து மங்கையே ஒத்திகை நடத்தினாள். எல்லோரும் கூடிய நாளில், "தொண்ட கட்டிக்கும், சொல்லு வேணாம், 'ஆ'ன்னு ஆகாரத்துலயே பாடிடலாம்" என்றாள். அது வழக்கம்தான், யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வளவன் ஒரு பாடகரின் தாளை வாங்கிப் பார்த்தார். 'வளவன் நாட்டு வயலும் காய்ந்தது.'

"இன்னா மங்கை, எம்பேர வேற உள்ள நுழைச்சிட்டியா?"

"சோழ ராஜாவுக்கும் அதான சார் பேரு."

"ஐஸ் வைக்கிற! வை, வை."

நாடகத்தன்று மாலை ஆறு மணிக்கு, செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலைக்கு எதிர்த் திடலில், அந்தச் சேர்ந்திசை தொடங்கியது. ஒவ்வொரு குரலும் தன் முதல் சொல்லைத் தனியே ஓங்கிப் பாட வேண்டும். அப்போது மற்ற மூன்றும் மௌனம். மீதிச் சொற்களை எல்லோரும் ஒன்றாக, தாழ்த்தி.

"மங்கை" என்றனர் மேல்குரல் பெண்கள். "பாட்டை" என்றனர் கீழ்க்குரல் பெண்கள். "வளவன்" என்றனர் மேல்குரல் ஆண்கள். "திருடினான்" என்று இடித்தது தொண்டூர் ஆண்களின் கீழ்க்குரல். பிறகு மதில்மேல் நின்ற மங்கையும், பாட்டை மறந்த கிளியும், காய்ந்த வயலும், எதிரி திருடிய வாளும் ஒன்றாகக் கலந்து முணுமுணுத்தன.

மூன்று தடவை வர வேண்டும். முதல் தடவை யாரும் கவனிக்கவில்லை. இரண்டாம் தடவை முன்வரிசையில் ஒருவர், "யோவ், இன்னாய்யா பாடறாங்க?" என்றார். சிரிப்பு பின்வரிசை வரை ஓடியது. வளவன் குனிந்து, முதல்முறையாக முழுத்தாளில் இருந்த சொற்களைப் படித்தார். அதற்குள் பழகிய வேகத்தில் மூன்றாவது தடவையும் தொடங்கி, "வளவன்" வரை வந்துவிட்டது. அவர் கைகள் இறங்கின.

பாட்டு அறுந்து நின்றது. கீழ்க்குரல் ஆண்களின் முன்வரிசையில் நின்ற தங்கராசு, மேடையோரம் இருந்த மங்கையிடம் குனிந்தார்.

"இதுக்குத்தான் ரெண்டு மாசமா எங்கள கூவ வச்சியா?"

"ஆமாண்ணே."

"மின்னாடியே சொல்லியிருந்தா இன்னும் கத்தியிருப்போமே!"

"போதும், நிறுத்து" என்றார் வளவன், உதடு அசையாமல்.

மங்கை கையை உயர்த்தினாள். கீழ்க்குரலின் முப்பது ஆண்களும் மூச்சை இழுத்து முடிக்கும்வரை பொறுத்து, இறக்கினாள்.