முப்பத்திரண்டும் சரியாக

அருளம்மாள் ராஜகிரிக் கோட்டைப் படிகளில் ஓடிக்கொண்டிருந்தாள். நாற்பத்தாறு வயதில் ஓடுகிற படி அல்ல அது. சில படிகள் முழங்கால் உயரம். இடுப்பில் செருகியிருந்த பவுடர் டப்பா, அவள் எட்டு வைக்கும்போதெல்லாம் கலகலவென்று சத்தம் போட்டது. உள்ளே இருப்பது கடலை என்று நினைத்து ஒரு குரங்கு நாலு படி கூடவே வந்தது.

"போடா அந்தாண்ட! உனக்கும் பல்லு வேணுமா?" என்று அதை விரட்டினாள்.

அரை மணி நேரத்துக்கு முன்னால் அவள் கடலை மண்டியில் கூலிக்குக் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். ஷூட்டிங் நடக்கும் இடத்தில் மோர் விற்கப் போயிருந்த பக்கத்து வீட்டுக் காத்தாயி, காலிப் பானையோடு மூச்சிறைக்க ஓடி வந்தாள்.

"யக்கா, சேதி தெரியுமா? உன் ஊட்டுக்காரரு பேச்ச புடுங்கிட்டாங்க! நாலு பக்கம் வசனமும் ஈரோ ராஜாராமுக்காம். இவரு சும்மா சாவிய நீட்டிட்டுப் போவணுமாம்."

"அவரு இன்னா சொன்னாரு?"

"இன்னா சொல்லுவாரு? சரிங்கன்னு சொல்லிட்டு ஓரமா குந்திக்கினாரு."

சரிங்க. அந்த ஒரு வார்த்தைதான் அருளம்மாளைக் கிளப்பிவிட்டது. முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தவள், வீட்டுக்கு ஓடி, மாதா படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த டப்பாவை எடுத்துக்கொண்டாள். அப்போது ஓட ஆரம்பித்தவள்தான், இன்னும் நிற்கவில்லை.

இருபத்திரண்டு வருஷமாக 'சரிங்க' சொல்லிக்கொண்டிருக்கிறான் செபாஸ்தியான். நாடகக் கம்பெனியில் பத்து வருஷம், மிச்சம் கோடம்பாக்கத்தில். தபால்காரன், டாக்டர், குடிகாரன், முனிவர், வட்டிக்கடைக்காரன், குஷ்டரோகி, ஜட்ஜு என்று அவன் போடாத வேஷமில்லை. ஒரு படத்தில் மூன்று சிப்பாய்களாக மூன்று தடவை செத்திருக்கிறான். தொழிலில் அவன் கெட்டிக்காரன். அதுதான் வினையே. எந்த வேஷத்திலும் அவனை அடையாளம் தெரியாது. டெண்டுக் கொட்டாயில் அந்தக் குஷ்டரோகிக்காகத் தேம்பித் தேம்பி அழுதுவிட்டு வீட்டுக்கு வந்த அருளம்மாளுக்கே, அது தன் புருஷன் என்று அவன் சொல்லித்தான் தெரிந்தது. படம் ஆரம்பிக்கும்போது வரிசையாகப் பெயர் போடுவார்கள். கதாநாயகன், கதாநாயகி, வில்லன், காமெடியன், குதிரை கொடுத்த ஜமீன்தார். கடைசியில் 'மற்றும் பலர்'. அந்தப் பலரில் ஒருத்தன்தான் அவள் புருஷன். "உன் ஊட்டுக்காரரு எந்தப் படத்துல வராரு?" என்று மண்டியில் கேட்பார்கள். பதில் சொன்னால், "அந்த ஆளா? அது வேற யாரோல்ல!" என்று சிரிப்பார்கள்.

ஊர் நம்பியது ஒன்றே ஒன்றைத்தான். அது அவனுடைய பொக்கை வாய்.

ஒன்பது வருஷத்துக்கு முன், முப்பத்தொன்பது வயதில், கன்னம் ஒட்டி, வாயில் ஒரு பல்கூட இல்லாமல் பட்டணத்து பஸ்ஸிலிருந்து இறங்கினான் செபாஸ்தியான். சண்டைக் காட்சியில் ராஜாராம் நிஜமாகவே குத்திவிட்டாராம். நாலு பல் உடைந்து தெறித்ததாம். ஈறு சீழ் பிடித்து, மிச்சத்தையும் டாக்டர் பிடுங்கிவிட்டாராம். ஊரில் அது பெருமையாகப் போய்விட்டது. சலூன்காரன் மூன்று மாசம் காசு வாங்காமல் சவரம் செய்தான். "ராஜாராம் கையால வாங்கின குத்து, சும்மாவா?" என்றார்கள். அருளம்மாளுக்கு மட்டும் வயிறு எரிந்தது. அந்த ராஜாராம் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை, ஒரு மன்னிப்பு இல்லை. கம்பெனிக்காரன் வாங்கிக் கொடுத்த பல்செட்டு ஒன்றுதான் மிச்சம். அன்றிலிருந்து ராஜாராம் படம் ஒன்றுகூட அவள் பார்த்ததில்லை.

பிடுங்கிய பற்களை அவன் ஒரு பொட்டலத்தில் கொண்டுவந்திருந்தான். அவள்தான் வாங்கிக் கழுவி டப்பாவில் போட்டாள். கடைசி நாளில் செத்தவர்கள் உடம்போடு எழுந்திருக்கும்போது, தன் புருஷன் மட்டும் பொக்கை வாயோடு எழுந்து நிற்க வேண்டுமா? அவன் பெட்டியில் இந்த டப்பாவையும் வைத்துப் புதைக்க வேண்டும் என்பது அவள் ஏற்பாடு. வருஷா வருஷம் கல்லறைத் திருநாளன்று டப்பாவைத் திறந்து எண்ணிவிட்டு மூடுவாள். முப்பத்திரண்டும் சரியாக இருக்கும்.

இப்போது ராஜாராமே செஞ்சிக்கு வந்திருக்கிறார். சரித்திரப் படம். செபாஸ்தியானுக்குக் கோட்டைவாசல் காவல்கிழவன் வேஷம். எதிரிக்கு அஞ்சி ஓடப் பார்க்கும் ராஜாவை வழிமறித்து நாலு பக்கம் பேசுகிற கிழவன். படத்தில் பெயர் போடுவதாகவும் வாக்குக் கொடுத்திருந்தார்கள். இரண்டு மாசமாகப் பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பல்லில்லாத வாயில் ஒவ்வொரு சொல்லும் கணீரென்று விழும்படி பேசிப் பழகினான். ஊரே வேடிக்கை பார்க்கப் போகிறது. அதைத்தான் பிடுங்கிக்கொண்டார்கள்.

கோட்டையின் நடுவாசலில் கயிறு கட்டி ஜனங்களை நிறுத்தியிருந்தார்கள். அருளம்மாள் குனிந்து கயிற்றுக்குள் நுழைந்தாள். புளியமர நிழலில் மேக்கப்மேன் தாண்டவராயன் ஒரு இளவட்டச் சிப்பாயின் வாயைத் திறக்கச் சொல்லி, சின்ன பிரஷ்ஷால் முன்பல் இரண்டும் விழுந்த மாதிரி தெரிய, கறுப்பு மை தீற்றிக்கொண்டிருந்தார். பையன் 'ஆ'வென்று திறந்த வாயோடு கையால் ஈ விரட்டிக்கொண்டிருந்தான். அவள் அதைத் தாண்டிப் போனாள்.

"யாரும்மா நீ? இங்கெல்லாம் வரக்கூடாது!" மானேஜர் சுந்தரமூர்த்தி குறுக்கே கை நீட்டினார்.

"நீதான் அவரு வசனத்த புடுங்கினவனா?"

"எவரு வசனத்த?"

"செபாஸ்தியான்! பேருகூடத் தெரியாதா? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே மூஞ்சில பவுடர் பூசினவருய்யா அவரு."

சுந்தரமூர்த்திக்கு ஐம்பது வயது. கயிற்றுக்கு வெளியே சிரிப்பு எழுந்தது. அதற்குள் மதிலோரத்தில் குந்தியிருந்த செபாஸ்தியான், ஈட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். வெள்ளைத் தாடி, கிழிந்த அங்கி, குழிந்த கன்னம். எழுபது வயதுக் கிழவனாக இருந்தான்.

"அருளு, ஊட்டுக்குப் போ. உனக்குப் புண்ணியமாப் போவும்."

"நீங்க சும்மா இருங்க! இருபத்திரெண்டு வருசம் சும்மா இருந்தது போதாதா?"

"இன்னா சத்தம்?" என்று ஒரு குரல் கேட்டது. கயிற்றுக்கு வெளியே ஜனங்கள் எக்கிப் பார்த்தார்கள். ஜரிகை அங்கியும் அட்டைக் கிரீடமுமாக ராஜாராம் வந்து நின்றார். கிட்டே பார்க்க அவள் நினைத்ததைவிடக் குள்ளம். கழுத்தில் வேர்வை பவுடரைக் கோடு கோடாக அறுத்துக்கொண்டிருந்தது.

அருளம்மாள் இடுப்பிலிருந்து டப்பாவை உருவி அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இது இன்னான்னு தெரியுதா சார்? நீ ஒடச்ச பல்லு. ஒம்பது வருசம் முன்னாடி நீ குத்தின குத்துல என் ஊட்டுக்காரரு வாய் சுடுகாடாப் போச்சு. அன்னிக்குப் பல்ல எடுத்துக்கின. இன்னிக்குப் பேச்சையும் எடுத்துக்கிறியே, நியாயமா? ஆரோக்கிய மாதா மேல சத்தியமாச் சொல்றேன், இதுல ஒரு சொல்லு பொய் இல்ல!"

செபாஸ்தியான் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அவமானம் என்று அவள் நினைத்தாள். இன்னும் ஆத்திரம் வந்தது.

ராஜாராம் டப்பாவை வாங்கித் திறந்தார். ஒரு பல்லை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னொன்று. இன்னொன்று. பிறகு செபாஸ்தியானைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"எண்ணிப் பாத்திருக்கீங்களாம்மா?"

"வருசா வருசம். முப்பத்திரெண்டும் இருக்குது."

"ஒண்ணுகூட உடையலையே" என்றார் அவர், தனக்குள் பேசுகிற மாதிரி. "நல்ல பல்லு. பத்திரமா வச்சுக்குங்க."

டப்பாவை மூடி அவள் கையில் வைத்தார். அப்புறம் அவர் செய்ததை செஞ்சியில் அன்றைக்கு யாரும் எதிர்பார்க்கவில்லை. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, கிரீடத்தைக் கழற்றிவிட்டு அவளைக் கும்பிட்டார். "தப்புதான்மா. மன்னிச்சுடுங்க." திரும்பி, "சுந்தரமூர்த்தி, வசனத்த அவருக்கே குடுங்க. நாலு பக்கமும். டைட்டில்ல பேரும் போடணும்" என்றார்.

"சார், டைரக்டர் வந்து..."

"நான் சொன்னேன்னு சொல்லுங்க."

வெள்ளித்தாள் ஒட்டிய பலகைகள் திரும்பின. கேமரா சுற்றியது. செபாஸ்தியான் வாசல் நடுவில் நின்றான். முதல் வரியில் குரல் நடுங்கியது. இரண்டாவதில் இல்லை. "கதவைத் திறக்கச் சாவி போதும் மன்னா, மூடத்தான் ஆள் வேண்டும்! முப்பது வருடம் இங்கே நின்றேன். என் பெயர் உமக்குத் தெரியுமா?" என்று அந்தப் பொக்கை வாய் கேட்டபோது, எதிரே நின்ற ராஜாராம் நிஜமாகவே ஓரடி பின்வாங்கினார். வசனத்தில் இல்லாத ஓரடி. மதிலில் பட்டு வார்த்தைகள் திரும்பி வந்தன. காத்தாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "யக்கா, நம்ம செபாஸ்தியான் அண்ணனா இது?" என்றாள். முடிந்ததும் முதலில் கை தட்டியவர் சுந்தரமூர்த்தி.

வெயில் சாய்ந்ததும் இருவரும் படியிறங்கினார்கள். அவன் தாடியைப் பிய்த்துவிட்டிருந்தான். பல்செட்டை மாட்டவில்லை. அருளம்மாளின் வாய் நிற்கவில்லை.

"பாத்தீங்களா? கேட்டாத்தான் கெடைக்கும். பரவால்ல, அந்த ஆளுக்கும் மனசாட்சி இருக்குது. ஞாயித்துக்கெழம கோயில்ல அவுருக்கும் ஒரு மெழுகுவத்தி ஏத்தணும். ஒம்பது வருசம் சபிச்சிருக்கேன் இல்ல?"

செபாஸ்தியான் குனிந்தபடி நடந்தான். பத்துப் படி இறங்கினார்கள். அப்போதுதான் 'ஒண்ணுகூட உடையலையே' என்று ராஜாராம் சொன்ன வார்த்தை அவள் காலில் முள்ளாகத் தைத்தது. நின்றாள். படியிலேயே உட்கார்ந்து டப்பாவை மடியில் கவிழ்த்தாள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். நீளமான வேரோடு, விரிசல் இல்லாமல், கடலையைக் கடித்து உடைக்கக்கூடிய முப்பத்திரண்டு பற்கள். ஒன்பது வருஷமாக எண்ணினாளே தவிர, பார்க்கவில்லை. உடைந்து தெறித்த நாலு எங்கே?

"ஏங்க" என்றாள். ஒரு பல்லை அவன் பக்கம் நீட்டினாள். "அந்த ஆளு உங்கள அடிச்சானா, இல்லியா?"

அவன் இரண்டு படி கீழே, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"அவரோட நான் சேந்து நடிச்சதே இன்னிக்குத்தான்."

"அப்ப இது?"

"ஒரு கெழவன் வேஷம் வந்துது அருளு. பெரிய வேஷம், படம் பூரா வரும். நிஜமான பொக்க வாய் ஒருத்தன் வேணும்னு டைரக்டரு சொன்னாரு. பத்து நாள் டயம் கேட்டேன். மொத டாக்டரு மாட்டேன்னுட்டாரு, நல்ல பல்லுய்யான்னு வெரட்டிட்டாரு. ரெண்டாவது ஆளு நாலே நாள்ல புடுங்கிட்டாரு. உங்கிட்ட எப்டிச் சொல்றது? அதான்..."

கீழே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு திண்டிவனம் சாலையில் போனது. அருளம்மாளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மாதா மேல் சத்தியம் செய்திருக்கிறாள். ஊர் முன்னால், ஒரு மனுஷனைக் கும்பிட வைத்திருக்கிறாள். பொய் என்று தெரிந்தே ராஜாராம் கும்பிட்டிருக்கிறார். யாரைத் திட்டுவது? இவனையா? நிஜப் பொக்கை வாய் கேட்ட அந்த டைரக்டரையா? நாலு நாளும் இவன் தனியாக, எந்தச் சத்திரத்தில், எந்தத் துணியைக் கடித்துக்கொண்டு கிடந்தான்?

பற்களை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டாள். கடைசி ஒன்று விரலிடுக்கில் நின்றது.

"அந்தப் படம் நான் பாத்தேனா?"

"பாத்த. நம்ம டெண்டுக் கொட்டாயில. அந்தக் கெழவன் சாவறப்ப அழுத."

"அது நீங்களா?" அவள் குரல் சற்றே இளகியது. "அப்பவும் சொல்லலியே!"

"நான் இல்ல." இப்போதும் அவன் திரும்பவில்லை. "நான் வாய் ஆறிப் போய் நின்னப்ப, வேஷத்த மொதலாளியோட அக்கா மவனுக்குக் குடுத்திருந்தாங்க. இருபத்தஞ்சு வயசுப் பையன்."

"இருபத்தஞ்சு வயசா? அவனும் புடுங்கிக்கினானா?"

"அதோ, அந்தப் பையன் மாதிரிதான்" என்றான் செபாஸ்தியான். கையை நீட்டிக் காட்டினான். கீழே சுனையோரத்தில், காலையில் புளியமரத்தடியில் பார்த்த இளவட்டச் சிப்பாய் குந்தியிருந்தான். ஈரத்துணியால் முன்பல்லை அழுந்தத் தேய்த்தான். தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பினான். வெள்ளைப் பாறையில் கறுப்பாக ஒரு கோடு வழிந்து ஓடியது. சுனையில் முகம் பார்த்து 'ஈ' என்று இளித்தான். முப்பத்திரண்டும் சரியாக இருந்தது.