ரோகிணி நட்சத்திரத்து இத்தாலிக் கார்

"காரை ஒங்க பேருக்கு மாத்திக்கிருங்க, ஐயா."

இந்த ஒன்றை மட்டும் அவரிடம் கேட்கவே கூடாது என்று இராஜகுமாரிக்குச் சொல்லியிருந்தார்கள். சொன்னவர் பொன்னுத்துரை முதலாளியேதான், சொன்ன இடம் பிள்ளையார் கோயில் வாசல். சனி விலகும்வரை தன் பேரையும் அந்தக் காரையும் ஒரே மூச்சில் சேர்க்கக் கூடாது என்றிருந்தார். அவள் சேர்த்துவிட்டாள். உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி இரத்தினம்மா, கேத்தலை அப்படியே வைத்துவிட்டு ஓடிப்போய்ச் சாமியறைக் கதவைச் சாத்தினார். சாமிக்குக் காது கேட்டுவிடுமாம்.

முதலாளிக்குக் கண்டி டவுனில் பெரிய ஹார்ட்வெயார் கடை. இளவயதில் ஏதோ சலூன் காலண்டரில் பார்த்த இத்தாலிக் காரின் மேல் அவருக்கு ஆசை. கல்யாணம், கடை, குண்டசாலையில் மாடி வீடு எல்லாம் வந்த பிறகும் அந்த ஆசை போகவில்லை. அந்தக் கம்பெனி அந்த மாதிரியில் சில நூறு வண்டி மட்டும் செய்து நிறுத்திவிடும் என்று கேள்விப்பட்டதும், கொழும்பு ஏஜென்ட்டைப் பிடித்துப் பணத்தைக் கட்டிவிட்டார். எத்தனையாவது வண்டி என்று ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சின்னத் தகடு இருக்கும். அதைத் துடைப்பதற்கென்றே சட்டைப் பையில் ஒரு பட்டுத்துணி வைத்திருந்தார்.

கார் கப்பலில் வந்துகொண்டிருக்கும்போது ஜோசியர் குண்டைப் போட்டார். முதலாளிக்கு அஷ்டமச் சனி. இந்த நேரத்தில் அவர் பேரில் வாகனம் வந்தால் ரத்தம் கேட்கும். முதலாளியின் அண்ணன் இதே அஷ்டமச் சனியில்தான் கடுகண்ணாவை வளைவில் லொறியோடு போனவர். அதனால் முதலாளி மறுபேச்சுப் பேசவில்லை. மனைவிக்கும் அதே ராசி. மகன் கனடாக்காரனாகிவிட்டான். ரோகிணியில் பிறந்த கன்னிப்பெண் பேரில் எழுதினால் தோஷம் ஒட்டாது என்றார் ஜோசியர். கடையில் ரோகிணி நட்சத்திரக்காரி ஒருத்திதான். கணக்குப் பார்க்கும் இராஜகுமாரி.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலிருந்து பேராதனைக் கெம்பஸுக்குப் போன முதல் ஆள் அவள். சனியாவது வெள்ளியாவது. நம்பாதவளுக்கு இதில் என்ன போய்விடப் போகிறது என்றுதான் கையெழுத்துப் போட்டாள். படித்த காலம் முழுக்க போர்டிங் காசு கட்டியவரிடம் மாட்டேன் என்று சொல்ல வாயும் வரவில்லை. கோயிலில் அவள் பேருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை நடந்தது. நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் நசுங்கியது. அதன் பிறகு காருக்குச் சொந்தக்காரி கடைக்கு நடந்து போனாள்.

கார் என்ன செய்தது? ஷெட்டில் கிடந்தது. அதன் வயிறு தரையோடு தரை. கேட்டுக்கு முன்னால் இருக்கும் மேட்டில் பலகை போட்டால்தான் வெளியே இறங்கும். போயா தினத்தில், பௌர்ணமி லீவுக்கு ரோடு காலியாக இருக்கும்போது வாவியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி உறை போர்த்திக்கொள்ளும். அவள் ஒருநாளும் அதில் உட்கார்ந்ததில்லை.

அவள் அம்மா சுப்பம்மா இன்னும் புசல்லாவைத் தோட்டத்து லயத்தில்தான் இருந்தாள். லயத்துக்குப் பின்னால் மலை வெடித்து, அதிகாரிகள் வந்து ஆபத்தான இடம் என்று சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள். பஸ் ரோட்டோரமாகக் காணியும் வீடும் தருவதாகப் பட்டியல் வந்தது. லயத்தில் எல்லார் பேரும் இருந்தது, சுப்பம்மா பேர் இல்லை. இராஜகுமாரி போய்க் கேட்டாள். வீட்டுத் திட்டத்து அதிகாரி நல்ல மனுசன், சிங்களத்தில் தங்கச்சி என்றே கூப்பிட்டார். கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"நங்கி, ஒங்க குடும்பத்துல இத்தாலிக் கார் இருக்குதானே. அத வித்தா முழு லயத்துக்கும் வீடு கட்டலாம்."

பின்னால் நின்ற கியூ சிரித்தது. அப்படியே ஒரு தடவை எங்களையும் ஏத்திக்கிட்டுப் போம்மா என்று ஒரு கிழவி கேட்டாள். கார் தன்னுடையது இல்லை என்று இராஜகுமாரி சொன்னாள். அப்படியென்றால் எதற்கு உன் பேரில் இருக்கிறது என்று அதிகாரி கேட்டார். அத்தனை பேருக்கு முன்னால், பட்டம் வாங்கிய வாயால், "சனிக்காக" என்று சொல்லவேண்டி வந்தது. அவர் கையிலும் பிக்கு ஓதிக் கட்டிய பிரித் நூல் இருந்தது. அவர் சிரிக்கவில்லை. ஆனால் கம்ப்யூட்டரில் சனிக்கு இடமில்லை என்றார். பேரை மாற்றிக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் கார் உண்மையில் யாருடையது என்று எழுதிக் கொடுக்க வேண்டும், பார்ப்போம் என்றார். அதற்கு இன்றுதான் கடைசி நாள்.

நேற்று மழையில் சுப்பம்மாவின் கட்டிலுக்குப் பின்னாலிருந்த சுவர் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டிருந்தது. அவள் அதில் சாக்கை அடைத்துவிட்டு அங்கேயே படுத்தாள். போனில் பேசும்போது சுவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஐயாவிடம் எதையும் கேட்டுவிடாதே, நமக்குச் செஞ்ச மனுசன் என்பதை மூன்று தரம் சொன்னாள்.

அதையெல்லாம் இராஜகுமாரி முதலாளிக்கு முன்னால் நின்றபடியே சொல்லி முடித்தாள். முதலாளி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும். அவர் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சனிப்பெயர்ச்சி வரட்டும்மா. தை பொறந்தா மாத்திருவேன்."

"மலை தை வரைக்கும் நிக்குமா, ஐயா?"

"எங்க அண்ணன் தலைய நான்தான் மடியில வச்சிருந்தேன், குமாரி. ஒனக்குத் தெரியாது."

அவர் பயம் பொய்யில்லை. அந்தப் பயத்துக்கு அவள் அம்மாவின் சுவர்தான் பரிகாரமா என்று கேட்கலாம். கேட்டால் அழுதுவிடுவாள் என்று தெரிந்ததால் வாயை மூடிக்கொண்டாள்.

இரத்தினம்மா தேத்தண்ணியோடு வந்தார். முதலாளிக்குப் பீங்கான் கோப்பை, இவளுக்கு எப்போதும்போல எவர்சில்வர் டம்ளர். அவரும் கெட்டவர் இல்லை, அவருக்குத் தெரிந்த வழியைச் சொன்னார்.

"ஒங்கம்மாவ இங்க கூட்டியாந்துரு. கார் ஷெட்டுக்குப் பின்னால ரூம் சும்மாதான கெடக்கு. முத்தம் கூட்டி, காருக்கும் ஒரு கண்ணு வச்சுக்கிட்டா, அவளுக்கும் பொழுது போயிரும்."

முதலாளி நிம்மதியாகத் தலையாட்டினார். அவரளவில் எல்லாம் முடிந்துவிட்டது.

"யார் காருக்கும்மா எங்கம்மா காவல் இருக்கணும்?" என்றாள் இராஜகுமாரி.

இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. திறக்க முடியாது, சனி கேட்டுக்கொண்டிருக்கிறதே.

"நீங்க சொல்லவேணாம். நான் போய் அங்க சொல்றேன். ஒங்க கார்னு எழுதிக் குடுக்கப் போறேன், ஐயா. வாங்கின காசு எங்கேருந்து வந்துச்சுன்னு நாளைக்கு வரி ஆபீஸ் ஆளுக வந்து ஒங்களக் கேப்பாங்க. பொய்யாக் கையெழுத்துப் போட்டவள்னு என்னையும் கேப்பாங்க. எனக்கு வேலையும் இல்லைன்னு தெரியும்."

"குமாரி, ஒன் படிப்புக்கு…" என்று ஆரம்பித்த முதலாளி பாதியில் நிறுத்திக்கொண்டார். அதை முடித்திருந்தாலும் அவள் நின்றிருக்க மாட்டாள். காலையில் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்திலிருக்கும் தன் போர்டிங்கிலிருந்து புறப்படும்போதே கையில் குடையையும் அடையாள அட்டையையும் எடுத்திருந்தாள். முதலாளி மாற்றித் தருவார் என்று நம்பியிருந்தால் அட்டை எதற்கு? எழுதிக் கொடுத்தாலும் அந்த அதிகாரி "பார்ப்போம்" என்றுதான் சொல்வார். அதுவும் தெரியும்.

டம்ளரைத் தொடவில்லை. முற்றத்து ஷெட்டில் கார் உறைக்குள் கிடந்தது, உறைமேல் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது. அவள் விரட்டவில்லை. கேட்டுக்கு முன்னால், கார் இறங்கப் போட்டு எடுக்காமல் விட்டிருந்த பலகைமேல் நடந்து ரோட்டுக்கு இறங்கினாள்.