சுருளாத வால்

பின்கட்டுக் குழாயடியில் குந்தி உட்கார்ந்து, அந்த அலுமினியக் குண்டானை அவள் மறுபடியும் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது எப்போதோ பளபளவென்று ஆகிவிட்டது. முன்னறையில் மாமனாரைக் கிடத்தியிருந்தார்கள். வந்தவர்கள் உட்கார நாற்காலி போதாமல் பக்கத்து வீடுகளில் இரவல் வாங்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டு மருமகள் இந்நேரம் மாமியார் பக்கத்தில் இருக்க வேண்டும், வருகிறவர்களைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். இவளோ குண்டானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

எதிர்வீட்டுத் தையல்கார அக்கா பின்வாசலில் வந்து நின்றாள்.

"இப்பப் போயி இதத் தேய்ச்சு என்ன ஆகப்போகுது? போட்டுட்டு உள்ள வா."

"பூண்டு வாசம் போகலக்கா."

"போனாப் போகுது, போகாட்டிக் கெடக்குது. உங்க அத்தை தனியா உட்கார்ந்திருக்காங்க."

"வரேங்க்கா, நீங்க போங்க."

அக்கா போனதும் குண்டானுக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தாள். வாசம் இல்லை. இருந்தாலும் கை நிற்கவில்லை. கத்தியைக் கழுவுகிற கொலைகாரி மாதிரி இருக்கிறோமே என்று தோன்றியதும் தேய்க்கும் நாரைக் கீழே போட்டுவிட்டாள்.

விடியற்காலையில் மாமனார் எழுந்து உட்கார்ந்து நெஞ்சைப் பிசைந்தார். வியர்த்துக் கொட்டியது. ஒருதரம் வாந்தி எடுத்தார். நனைந்த சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மாமியார் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருக்கும்போதே தலை சாய்ந்துவிட்டது. தெருமுனைக் கிளினிக் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, ஹார்ட்டுதான் என்றார். போகிற போக்கில், "ராத்திரி என்ன சாப்பிட்டாரு?" என்று கேட்டார்.

"வழக்கமாச் சாப்பிடறதுதான் சார்," என்றாள் மாமியார்.

கதவோரம் நின்றிருந்த மருமகள் வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது. டாக்டர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ராத்திரிச் சாப்பாடு சிங்கி. கடலில் பிடிக்கிற பெரிய சிங்கி இறால் இல்லை இது. கால்வாய்ச் சேற்றோரம் கிடக்கும் விரல்நீளச் சமாச்சாரம். உடம்பு இறால் மாதிரி, முன்னால் நண்டு மாதிரி இரண்டு கொடுக்கு, வீராப்பு மட்டும் யானைக்கு உண்டானது. மோட்டார் மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் மாமனாருக்கு அதுதான் பொழுதுபோக்கு. பழைய கம்பிவலையில் கூண்டு செய்து, உள்ளே கோழிக் கழுத்தைக் கட்டித் தொங்கவிட்டு, மத்தியானம் போட்டால் சாயங்காலம் ஒரு வாளி.

பிடிப்பது, கழுவுவது, வேகவைப்பது எல்லாம் அவர் கைதான். அதில் மற்றவர்களை அண்டவிடமாட்டார். குண்டானில் உப்பும் மஞ்சளும் பூண்டும் மிளகும் ஒரு கரண்டி எண்ணெயும் தளதளவென்று கொதிக்கும்போது, வாளியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து முதுகில் கரண்டிக்காம்பால் ஒரு தட்டுத் தட்டுவார். உயிருள்ளது கொடுக்கைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வரும், அது குண்டானுக்கு. சும்மா கிடப்பது குப்பைக்கு.

"செத்தத வேகவச்சா வால் சுருளாது, நீட்டிக்கிட்டுக் கெடக்கும். அதத் தின்னா அப்புறம் நாமளும் நீட்டிக்கிட்டுக் கெடக்க வேண்டியதுதான்" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

நேற்று வாளியைக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்தவர், படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "மேனேஜரம்மா, இன்னிக்கு நீ பார்த்துப் போட்டுடு. எனக்குக் கொஞ்சம் அசதியா இருக்கு." வீட்டையே இவள்தான் நடத்துகிறாள் என்பதால் அப்படித்தான் கூப்பிடுவார்.

அவர் அசதி என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை. அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அவளுக்கு வாளியைப் பார்த்ததும் பயம். போன மழைக்காலத்தில் ஒன்று சுண்டுவிரலைக் கவ்விக்கொண்டு விடாமல் தொங்கியதிலிருந்து அவள் சிங்கியைத் தொடுவதும் இல்லை, தின்பதும் இல்லை. போதாக்குறைக்குத் தங்கை போனில் இருந்தாள். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாளியை அப்படியே குண்டானில் சாய்த்து மூடியைப் போட்டு அமுக்கினாள். சாய்க்கும்போது ஓரத்தில் இரண்டு மூன்று அசையாமல் கிடந்தது கண்ணில் பட்டது. பட்டதா? பட்டது. தூங்குகிறது போல என்று நினைத்துக்கொண்டாள். சிங்கி தூங்குமா, கடவுளே.

தட்டை முன்னால் வைத்ததும் மாமனார் விரலால் கிளறிப் பார்த்தார். "என்ன மேனேஜரம்மா, எல்லாரும் ரொம்பக் களைச்சுப்போய் வந்திருக்காங்க போல." அவளும் சிரித்துவைத்தாள். பேத்தி சுண்டு தாத்தா மடியில் ஏறிக்கொண்டாள். சிங்கியின் தலையைத் திருகி, வாலைப் பிதுக்கி, சதையை ஊதி ஊதி அவள் வாயில் வைத்தார். மாமியாருக்கு அந்த வாசமே ஆகாது, டிவி பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். மருமகளின் கணவனுக்கு ரொட்டி ஃபேக்டரியில் ராத்திரி ஷிப்ட். ஆகத் தின்றது இரண்டே பேர். அதில் ஒருவர் இப்போது முன்னறையில் படுத்திருக்கிறார்.

"ம்மா."

திரும்பினாள். சுண்டு பின்வாசலில் நின்றிருந்தாள், கவுனைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு.

"வயிறு வலிக்குதும்மா."

ஈரக்கையாலேயே குழந்தையின் நெற்றியைத் தொட்டாள். சூடா, தன் கைதான் குளிர்ந்து கிடக்கிறதா, தெரியவில்லை.

"எங்க வலிக்குது? காட்டு. எப்பத்துலருந்து?"

"இங்க." தொப்புளைக் காட்டினாள். "அப்பத்துலருந்து."

"வாந்தி வர்ற மாதிரி இருக்கா?"

சுண்டு யோசித்தாள். "தெரியல."

தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னறைக்கு ஓடினாள். கணவன் வாசலில் யாரிடமோ வண்டி பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். வேலையிலிருந்து நேரே வந்தவன், முழங்கை வரை மாவு காய்ந்திருந்தது. கழுவக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

"கொஞ்சம் இங்க வாங்க. பாப்பாவுக்கு வயிறு வலிக்குதாம். டாக்டர்கிட்டத் தூக்கிட்டுப் போயிட்டு வந்துடறேன்."

"இப்பவா? இன்னும் செத்த நேரத்துல வண்டி வந்துடும். அப்பாவ எடுக்கற நேரத்துல நீ இல்லாட்டி நல்லாவா இருக்கும்?"

"இல்ல, அவளுக்கு..."

"காலைலருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டா. ஏதாவது குடு, சரியாயிடும்." அவன் குரல் உடைந்தது. "என்னால இப்ப எதையும் யோசிக்க முடியல."

சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை. சொன்னால் அவன் தன்னைப் பார்க்கப்போகும் பார்வையை நினைத்தாள். ஆயுசுக்கும் அந்தப் பார்வையோடுதான் குடித்தனம் நடத்த வேண்டும். சொல்லாமல் டாக்டரிடம் போனால் அவர் ஒரு மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடுவார். ராத்திரி என்ன சாப்பிட்டாள் என்று கேட்டால் சிங்கி என்று சொல்ல வேண்டும். தாத்தாவும் அதைத்தான் சாப்பிட்டார் என்று ஊரே கணக்குப் போட்டுவிடும். இதற்கிடையில் குழந்தை அவள் தோளில் தலையைச் சாய்த்துவிட்டாள். சாய்ந்த கனம் அவளுக்கு வேறு மாதிரி தெரிந்தது.

"சுண்டு, தூங்காத. கண்ணத் திற. அம்மாவப் பாரு."

"தூங்கலம்மா."

கணவனிடம் சொல்லத் தைரியம் இல்லை. மாமியாரிடம் சொல்லவும்தான் தைரியம் இல்லை. பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடினாலே தெருவுக்குக் கேட்கும்படி மானத்தை வாங்குகிற வாய் அது. ஆனால் இந்த வீட்டில் ஒன்றைச் சொன்னால் உடனே எழுந்து ஏதாவது செய்கிற ஆள் மாமியார் ஒருத்திதான். பிள்ளை பிழைத்தால் போதும், அப்புறம் என்னை வெட்டிப் போடட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

மாமியார் முன்னறையில் இல்லை. உள்ளறையில் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். ஆணியில் மாட்டிய அந்தக் கட்டம் போட்ட சட்டை இப்போது அவள் மடியில் கிடந்தது.

"அத்தை."

மாமியார் நிமிரவில்லை.

"அத்தை, பாப்பாவ டாக்டர்கிட்டக் கொண்டுபோகணும். வயிறு வலிக்குதுங்கறா." மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "நேத்து நான் தட்டிப் பார்க்கலத்தை. வாளிய அப்படியே கொட்டிட்டேன். செத்தது உள்ள இருந்துது. நான் பார்த்தேன். பார்த்தும் எடுக்கல. மாமாவுக்கு இப்படி ஆனது என்னாலதான். இவளும் அதத்தான் சாப்பிட்டா."

சொல்லி முடித்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்னறையில் யாரோ மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. மாமியார் சட்டையின் மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை. திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

"பிள்ளைய இங்க விடு," என்றாள் மாமியார் கடைசியில்.

சுண்டுவை இறக்கிவிட்டாள். மாமியார் குழந்தையின் வயிற்றை அமுக்கிப் பார்த்தாள்.

"காலைலருந்து என்னடி தின்ன?"

"பிஸ்கட்."

"எவ்வளவு?"

"தையல் பெரியம்மா ஒரு பாக்கெட் குடுத்தாங்க. அப்புறம் இன்னொரு பாக்கெட் நானே எடுத்துக்கிட்டேன்."

"ராத்திரி தாத்தா உனக்கு சிங்கி குடுத்தாரே, எப்படி எடுத்துக் குடுத்தாரு?"

சுண்டு அம்மாவை ஒருதரம் பார்த்தாள். பாட்டியின் காதருகே போனாள். ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு அறை முழுக்கக் கேட்கும்படி பேசினாள்.

"சுருண்டிருக்கறதெல்லாம் எனக்கு. நீட்டா இருக்கறதெல்லாம் தாத்தா பாக்கெட்டுக்கு. அம்மாகிட்டச் சொல்லக்கூடாதுன்னு சொன்னாரு. அம்மா பயந்துடுவாங்களாம்."

மாமியார் சட்டையைப் பிரித்தாள். பைக்குள் விரலை விட்டுக் கசங்கிய காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்தாள். எண்ணெய் பாவி, மஞ்சளாக ஊறியிருந்தது.

"காலைலருந்து நாத்தம் அடிக்குது," என்றாள். "சட்டைப்பையில எதத் திணிச்சு வச்சிருக்காரோ, கிறுக்கு மனுஷன்னு நினைச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்கேன். பிரிச்சுப் பார்க்க மனசு வரல. எங்கிட்ட நீ திட்டு வாங்குவேன்னு ஒளிச்சிருக்காரு, பாரு." அவள் வாய் கோணியது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "ரெண்டு மாசமாவே மூச்சு வாங்குது அவருக்கு. டாக்டர்கிட்ட வாங்கன்னா, கூண்டத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிடுவாரு. நீ ஒண்ணும் பண்ணல. இந்தா."

பொட்டலம் அவள் கைக்கு வந்தது. பிரித்தாள். உள்ளே நான்கு சிங்கி. ஓடு உரிக்காமல், தலை திருகாமல், முழுசாக. நான்கின் வாலும் பென்சில் மாதிரி நேராக நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்றை விரலால் வளைத்துப் பார்த்தாள். விட்டதும் மறுபடி நேராகிவிட்டது.

வாசலில் வண்டி வந்து நின்றது. யாரோ நாற்காலிகளை நகர்த்தினார்கள்.

"போ, முன்னாடி போய் நில்லு," என்றாள் மாமியார். "இவள நான் பார்த்துக்கறேன்."

பொட்டலத்தை மாமியாரிடமே கொடுத்துவிட்டு அவள் முன்னறைக்குப் போனாள். காலையிலிருந்து இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டே நடந்தவள், இப்போதுதான் மாமனாரின் முகத்தைப் பார்த்தாள். வலது கட்டைவிரலில் ஓடு கிழித்த புதுக்கீறல் ஒன்று சிவந்து காய்ந்திருந்தது. பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "மாமா" என்றாள். அதற்கப்புறம் வந்த சத்தம் தன்னுடையதுதான் என்று அவளுக்கே தெரியவில்லை. தையல்கார அக்கா ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அவரைத் தூக்கிக்கொண்டு போனபின் அறை வெறிச்சென்று ஆனது. அக்கா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"கையெல்லாம் என்ன இது, எண்ணெயும் நாத்தமுமா? நீட்டு, ஊத்தறேன்."

அவள் கையை மூடிக்கொண்டாள்.

"இருக்கட்டுங்க்கா," என்றாள்.